குறைமாதக் குழந்தைக்கு மூன்று காவல்

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழைக்காது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கோலார் தங்கவயலின் லைன் வீடுகளிலும் இப்பேச்சு உண்டு. நம் முன்னோர் புறப்பட்டு வந்த வட ஆர்க்காட்டு ஊர்களிலும் உண்டு. இந்நம்பிக்கைக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. கருப்பையில் ஒவ்வொரு வாரம் கூடுந்தோறும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. 30 வாரத்துப் பிள்ளையைவிட 34 வாரத்துப் பிள்ளை உறுதியானது. ஆயினும் இப்பேச்சு நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. நாள் முற்றாமல் பிறந்த பிள்ளையைப் பறிகொடுக்கும் துயரம் நம் குடும்பங்களுக்குப் புதியதன்று.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்று கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் ஏறத்தாழ 30 இலட்சம் நம் இந்தியாவில் பிறந்தவை. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. இக்குழந்தைகளின் உயிரைக் கவரும் முக்கியமான காரணங்களுள் ஒன்று பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களால் வரும் நோய். கிருமி இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவும் நிலையை மருத்துவர்கள் செப்சிஸ் என்பர். அது எப்படி வருகிறது, அதற்கு மருந்து என்ன, மருந்தைவிட வலிய காவல் எது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கோட்டை கட்டி முடியுமுன்

நம் உடலை ஒரு கோட்டைக்கு ஒப்பிடலாம். குறைமாதக் குழந்தையோ மதில் எழும்பு முன்பே போர்க்களத்தில் விடப்பட்ட கோட்டை. அதன் குறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, எதிர்ப்பொருள். தாய் தன் வாழ்நாளில் கண்ட நோய்களுக்கு எதிராகச் சேர்த்து வைத்த எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்கின்றன. இச்சீதனத்தின் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலேயே கொடுக்கப்படுகிறது. ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்ட குழந்தை அதைப் பெறாமலே வெளியே வருகிறது.

இரண்டாவது, தோல். நிறைமாதக் குழந்தையின் தோலுக்கு மேலே உறுதியான வெளிப்படலம் உண்டு. பிறந்தவுடன் உடலில் காணும் வெள்ளை மாவு போன்ற பூச்சிலும் கிருமிகளைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. மிகவும் முந்திப் பிறந்த குழந்தையின் தோலோ ஈரத்தாள் போல் மெலிந்தது. ஒட்டிய பிளாஸ்திரியை உரித்தாலே தோலும் உரியக்கூடும். கிருமி நுழைய அதுவே வாயிலாகும்.

மூன்றாவது, குடல். வயிற்றின் அமிலம் குறைவு, குடற்சுவரும் முற்றவில்லை. நான்காவது, படை வீரர்களாகிய இரத்த வெள்ளணுக்கள். அவற்றின் கையிருப்பு மிகச் சிறிது. கிருமி பெருகினால் விரைவில் தீர்ந்துவிடும்.

போதாக்குறைக்கு, இக்குழந்தையைப் பிழைக்க வைக்க நாம் செய்யும் உதவிகளும் கிருமிக்கு வழி திறக்கின்றன. மூச்சுக்காக ஒரு குழாய், பாலுக்காக ஒரு குழாய், மருந்துக்காக நரம்பில் ஓர் ஊசி. குழாய் ஒவ்வொன்றும் உயிர் காக்கிறது. கவனம் தப்பினால் அதே குழாய் கிருமிக்கு ஏணியாகிறது.

கிருமி வரும் வழி

பிறந்து 72 மணி நேரத்துக்குள் வரும் நோயை முன்வரும் நோய் என்றும், அதற்குப் பின் வருவதைப் பின்வரும் நோய் என்றும் மருத்துவ நூல்கள் பிரிக்கின்றன. முன்வருவது பெரும்பாலும் தாயின் பிறப்பு வழியிலிருந்து ஏறும் கிருமிகளால் உண்டாவது. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேலாகியும் பிரசவமாகாவிட்டால் இந்த ஆபத்து கூடும். பின்வருவதோ பிறந்தபின் நம் கைகள், குழாய்கள், பாத்திரங்கள் வழியாக வருவது.

நூலில் உள்ள இப்பிரிவு நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு அப்படியே பொருந்துமா? டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவுகள் 2016இல் வெளிவந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 சிசுக்களை, நிறைமாதத்தார் குறைமாதத்தார் என்ற வேறுபாடின்றிக் கவனித்தார்கள். நூற்றுக்கு 14 பேருக்கு மேல் செப்சிஸ் கண்டது. அவற்றுள் மூன்றில் இரு பங்கு முதல் 72 மணி நேரத்துக்குள் வந்தவை. ஆனால் கிருமிகள் எவை? மேல்நாடுகளில் முன்வரும் நோய்க்குப் பெயர்போன ‘பி’ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இங்கே முன்னணியில் இல்லை. அசினிட்டோபேக்டர், கிளெப்சியெல்லா, ஈ. கோலை ஆகிய மூன்றுமே முன்னின்றன. முதலிரண்டும் மருத்துவமனைகளின் ஈரமான மூலைகளில் குடியிருந்து பழகியவை. முன்வந்த நோயிலும் பின்வந்த நோயிலும் ஏறக்குறைய அதே கிருமிகளே காணப்பட்டன. இதிலிருந்து நாம் ஊகிப்பது என்ன? பல குழந்தைகள் பிறந்த சில மணி நேரத்துக்குள்ளாகவே, பிரசவ அறையிலோ சிகிச்சை அறையிலோ, மற்றவர் கைப்பட்டுக் கிருமியைப் பெற்றிருக்க வேண்டும்.

இன்னும் கவலை தரும் செய்தி ஒன்று அதில் உண்டு. கண்டெடுத்த அசினிட்டோபேக்டரில் நூற்றுக்கு 82 பங்கும், கிளெப்சியெல்லாவில் 54 பங்கும், ஈ. கோலையில் 38 பங்கும் பலவகை ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காதவையாக இருந்தன. மருந்து கையில் இருக்கிறது. கிருமி அதற்குப் பணியவில்லை. இதைத்தான் நாம் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

மருந்தின் எல்லை

அப்படியாயின், நோய் வருமுன்பே எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் என்ன? நியாயமான கேள்விதான். உலகம் இதைச் செய்து பார்த்து, பெரும் விலை கொடுத்துப் பாடம் கற்றது.

நியூயார்க்கில் 1950களில் குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பெனிசிலினோடு சல்பா வகை மருந்தொன்றும், மறுபிரிவுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்தும் தடுப்பாகக் கொடுத்தனர். 1956இல் முடிவு வெளிவந்தது. சல்பா பெற்ற பிரிவில் மரணம் மிகுதி. மஞ்சள் காமாலையின் நிறமிப் பொருள் மூளையில் படிந்திருந்தது. இரத்தத்தில் அந்நிறமியைப் பற்றிக்கொண்டிருக்கும் புரதத்தினின்றும் அதைச் சல்பா மருந்து விலக்கிவிட்டதே காரணம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1959இல் வெளிவந்த ஆராய்ச்சி இன்னும் அழுத்தமானது. பனிக்குடம் உடைந்து 24 மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பிறந்த குறைமாதக் குழந்தைகளை நான்கு பிரிவாக்கினர். மருந்தே பெறாதவர்களில் இறந்தோர் நூற்றுக்கு 19. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் பெற்றவர்களில் 18. குளோராம்பெனிக்கால் பெற்றவர்களில் 60. மூன்றையும் பெற்றவர்களில் 68. முதிராத கல்லீரல் குளோராம்பெனிக்காலைச் சிதைத்து வெளியேற்ற இயலாமற்போக, அது உடலில் தேங்கி, குழந்தை சாம்பல் நிறமடைந்து மாண்டது. காப்பதற்கென்று கொடுத்த மருந்தே யமனாயிற்று.

ஆகவே மருந்து வேண்டாம் என்பதன்று நம் கருத்து. நோய் கண்ட குழந்தைக்கு ஆன்டிபயாடிக் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்; ஒவ்வொரு மணியும் விலையுயர்ந்தது. ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் சேர்ந்த ஊசிமுறையையே உலக சுகாதார நிறுவனம் முதல் மருத்துவமாகக் கூறுகிறது. மருந்து தொடங்குமுன் சிறிது இரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கிருமி, எம்மருந்துக்கு அடங்கும் என்பதை அச்சோதனைதான் சொல்லும். 48 மணி நேரத்தில் கிருமி எதுவும் வளராமல், குழந்தையும் நலமாயிருந்தால் மருந்தை நிறுத்திவிடலாம். கிருமி வளர்ந்தால் பொதுவாக 10 முதல் 14 நாள். மூளை உறையைத் தாக்கியிருந்தால் அதனினும் அதிகம். தாய்க்கு 37 வாரத்துக்கு முன்பே பனிக்குடம் உடைந்து, வலி காணாதிருந்தால் அவளுக்கே ஆன்டிபயாடிக் கொடுப்பர். பிரசவம் சற்றுத் தள்ளிப்போகிறது, குழந்தைக்கு நோயும் குறைகிறது. இவையெல்லாம் மருத்துவர் அறிந்து செய்யும் காரியங்கள். கடையில் கேட்டு வாங்கி வீட்டில் கொடுக்கும் சொட்டு மருந்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. தேவையற்ற ஒவ்வொரு வேளை மருந்தும் அடங்காத கிருமியை வளர்க்கவே உதவுகிறது.

மேற்கூரை இடிந்தபின் ஓடுவதைவிட, இடியுமுன் முட்டுக்கொடுப்பதே அறிவு என்பதைச் சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அந்த முட்டுகள் மூன்று: தூய கை, தாயின் பால், தாயின் மார்பு.

முதற் காவல்: கை

வியன்னா நகரப் பெரிய மருத்துவமனையில் 1846இல் மருத்துவ மாணவர்கள் பணிபுரிந்த பிரசவப் பிரிவில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் காய்ச்சலால் இறந்தனர். செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் 1847இல் குளோரின் நீரில் கை கழுவ வேண்டுமென்று விதித்தார். 1848இல் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. கிருமிக் கொள்கை நிலைபெறுவதற்கு முன்பே கண்ட உண்மை இது.

குழந்தையைத் தொடுமுன் மோதிரம், வளையல், கடிகாரம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, தானே உலர விடவேண்டும். பொதுத் துண்டில் துடைத்தால் கழுவியது வீண். ஒரு குழந்தையைத் தொட்ட கையால் அடுத்த குழந்தையைத் தொடுமுன் மறுபடியும் தூய்மை செய்ய வேண்டும். தங்கவயலில் தண்ணீர்க் குழாய் நினைத்தபோது வருவதில்லை என்பது நாம் அறிந்ததே. அழுக்குப் படியாத கைக்கு ஆல்கஹால் திரவம் 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். ஆகவே தண்ணீர் இல்லை என்பது காரணமாகாது.

இரண்டாம் காவல்: பால்

பிரசவித்த முதல் நாட்களில் சுரக்கும் சீம்பாலை மஞ்சள் பால், கெட்ட பால் என்று கறந்து கொட்டும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. உண்மையில் குடற்சுவரைப் பூசிக் காக்கும் எதிர்ப்பொருள்கள் அதில்தான் மிகுதி. நச்சுக்கொடி வழியாகக் கொடுக்க முடியாமற்போன சீதனத்தில் ஒரு பங்கைத் தாய் இவ்வழியாகக் கொடுக்கிறாள். குறைமாதக் குழந்தையின் குடல் அழுகும் கொடிய நோய் ஒன்றுண்டு. தானமாகப் பெற்ற தாய்ப்பால் குடித்த குழந்தைகளைவிட, புட்டிமாவுப் பால் குடித்த குழந்தைகளுக்கு அது ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது.

34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை பெரும்பாலும் உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருங்கே அறியாது. அதற்குப் பாலைப் பீய்ச்சிக் குழாய் வழியாகவோ பாலாடையாலோ புகட்ட வேண்டும். நம் பாட்டிமார் கையாண்ட இந்தப் பாலாடை இன்று ஆங்கில மருத்துவ நூல்களிலும் அதே தமிழ்ப் பெயரோடு வழங்குகிறது! மூலை முடுக்குகளில் பால் தங்கும் ரப்பர் காம்புப் புட்டியைவிடக் கழுவவும் கொதிக்க வைக்கவும் எளிதானது அது. ஆனால் ஒவ்வொரு வேளையும் கொதிக்க வைத்தால்தான் அப்பெருமை நிற்கும்.

தாய்க்குப் பால் இல்லாதபோது பிறர் தாய்ப்பால் உதவும். பம்பாய் சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் தாய்ப்பால் வங்கி தொடங்கினார். ஆசியாவில் அதுவே முதலாவது. தானமாகப் பெற்ற பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கிக் கொடுக்கிறார்கள். பெங்களூர் வாணி விலாஸ் அரசு மருத்துவமனையிலும் 2022இல் இத்தகைய வங்கி திறக்கப்பட்டது.

மூன்றாம் காவல்: மார்பு

கொலம்பிய நாட்டின் பொகோட்டா நகரில் 1978இல் டாக்டர் எட்கர் ரே சனப்ரியா என்பவர் ஒரு சங்கடத்தில் இருந்தார். இங்குபேட்டர் பெட்டிகள் போதவில்லை, ஒரே பெட்டியில் பல குழந்தைகள், நோய்த்தொற்றோ ஓயவில்லை. கங்காரு தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்ப்பதுபோல், குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திச் சாய்த்துத் துணியால் கட்டிவைக்கும் முறையை அவர் புகுத்தினார். தாயின் உடற்சூடே இங்குபேட்டர் ஆயிற்று. பாலும் அருகிலேயே கிடைத்தது. தாயின் தோலில் வாழும் சாதுவான நுண்ணுயிர்கள் குழந்தையின் தோலில் முதலில் குடியேறி, மருத்துவமனையின் முரட்டுக் கிருமிகளுக்கு இடமில்லாமற் செய்கின்றன என்றும் அறிஞர் கருதுகின்றனர்.

இம்முறை நெடுங்காலம், குழந்தை உடல் நிலைபெற்ற பிறகே என்று ஒத்திவைக்கப்பட்டது. பிறந்தவுடன் தொடங்கினால் என்ன என்று கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் சோதித்தனர். இந்தியாவில் இச்சோதனை நடந்தது டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில். முன் சொன்ன டெல்லி ஆராய்ச்சியின் மூன்று மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகள். 2021இல் முடிவு வெளியாயிற்று. பழைய முறையில் 28 நாளுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 15.7, உடனே தாய்மார்பில் வைத்தவர்களில் 12. அதாவது நான்கில் ஒரு மரணம் தவிர்ந்தது. செப்சிஸும் குறைந்தது. மறுபிரிவுக்கு இதை மறுப்பது தகாது என்று சோதனையையே முன்கூட்டி நிறுத்தினர். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் பரிந்துரையாக்கியது. நம் கர்நாடகத்தில் கொப்பள மாவட்டம், மருத்துவமனையிலும் வீட்டிலும் இம்முறையைப் பரப்பும் முயற்சிக்குக் களமாயிருந்தது.

தோழர்களே, இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தாயை நிறுத்தி, கிருமி கொண்டுவருவாள் என்று அஞ்சிய காலம் உண்டு. இன்றோ அவளே மருந்தென்று நிரூபணமாகியிருக்கிறது. கை கழுவிய தாய் பார்வையாளர் அல்லள். சிகிச்சையின் ஒரு பகுதி.

அடையாளம் காணல்

இத்தனை காவலையும் மீறி நோய் வந்தால்? பெரியவர்களுக்குக் காய்ச்சல் வருவதுபோல் குறைமாதக் குழந்தைக்கு வரவேண்டும் என்பதில்லை. பல வேளைகளில் உடல் குளிர்ந்துபோவதே நோயின் அடையாளம். பால் குடித்த குழந்தை குடிக்க மறுத்தல், அழுகை மெலிதல், தொட்டாலன்றி அசையாமை, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு, மார்புக்கூடு உள்வாங்குதல், வலிப்பு, உள்ளங்காலும் வயிறும் சில்லிட்டிருத்தல், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல் அல்லது சீழ். இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். வழியெல்லாம் குழந்தை மார்போடு ஒட்டியே இருக்க வேண்டும்.

இந்த அடையாளங்களைப் படிப்பு மிகுதியில்லாத பெண்களும் கற்றுக்கொள்ள முடியுமா? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் இதற்கு விடை தந்தனர். 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றி, வீடு வீடாகச் சென்று சிசுக்களைப் பார்க்கவும், செப்சிஸ் கண்டால் ஊசி போடவும் செய்தனர். ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த சிசு மரணம், சில ஆண்டுகளில் ஏறத்தாழ 25 ஆகக் குறைந்தது. 1999இல் இம்முடிவு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இன்று நம் தெருவுக்கு வரும் ஆஷா பணியாளர், மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வந்து பார்ப்பதற்கு இம்முயற்சியே முன்னோடி.

நம் ஊரும் நாமும்

சுரங்கங்கள் நடந்த காலத்தில் சாம்பியன் ரீஃப்பில் கம்பெனி மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருந்தது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று நிலை மோசமான சிசுவைத் தங்கவயலிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாருக்கு, அங்குள்ள எஸ்.என்.ஆர். மாவட்ட மருத்துவமனைக்கோ தமகா மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுசெல்ல வேண்டும். இன்றேல் 100 கிலோமீட்டர் தாண்டிப் பெங்களூருக்கு. ஆகவே குறைமாதப் பிரசவம் நேரலாம் என்று தெரிந்த தாயை முன்கூட்டியே அத்தகைய இடத்தில் சேர்ப்பது நன்று. தாயின் வயிறே மிகச் சிறந்த ஆம்புலன்ஸ்.

வீடு திரும்பிய பின் நம் பழக்கங்களையும் நாம் ஆராய வேண்டும். சேனை வைத்தல், கழுதைப்பால் புகட்டல், வசம்பு உரைத்து நாவில் தடவல், வாயில் விரல்விட்டுச் சளி எடுத்தல், தொப்புளில் சாம்பலும் மஞ்சளும் வைத்தல் ஆகியவை அன்பினால் செய்யப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் காய்ச்சாத பாலும் கழுவாத விரலும் ஒன்றரைக் கிலோ உயிருக்கு ஆபத்தே. தொப்புள் சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் போதும். எடை கூடும்வரை குளிப்பாட்ட வேண்டியதில்லை. பார்க்க வரும் உறவினர் கண்ணால் வாழ்த்திச் செல்லட்டும். இருமலும் சளியும் உள்ளவர் பின்னொரு நாள் வரட்டும்.

ஒரே அறையும் ஒரு சமையற்கட்டுமுள்ள லைன் வீட்டில் இதெல்லாம் நடக்குமா என்பர். கங்காரு முறைக்குத் தனி அறை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு துணியும் ஒரு மார்பும் போதும். ஆனால் தாயின் மற்ற வேலைகளை யாராவது ஏற்க வேண்டும். தண்ணீர் பிடிப்பதும் சோறாக்குவதும் அவளே என்றால், குழந்தை மார்பிலிருந்து இறங்கிவிடும். அவள் உறங்கும்போது தகப்பன் மார்பில் வைக்கலாம். ஆயாவும் அத்தையும் வைக்கலாம். மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்துத் திரும்பும் தகப்பனுக்கும் இரவில் ஒரு மணி நேரமாவது இப்பேறு கிட்டும்.

நாம் பயிலும் விஞ்ஞானம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடக் கூடாது. இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும், கருவுற்ற பெண் இருக்கும் ஒரு வீட்டிலாவது அமர்ந்து, இந்த மூன்று காவலையும் நோயின் அடையாளங்களையும் தமிழில் எடுத்துரையுங்கள். ஆயாவுக்கு முதலில் சொல்லுங்கள். வீட்டில் குழந்தையைக் கையில் வாங்குபவர் அவர்தாம். அவர் கை கழுவத் தொடங்கினால் வீடு முழுவதும் கழுவும்.